அப்பாவின் 600 காலடிகள்

2022 நவம்பரில், கொலராடோ மாநிலத்தின் வடமேற்கிலுள்ள மீக்கர் என்னும் சிற்றூருக்குக் கிழக்கே, ஏறக்குறைய 9,000 அடி உயரத்தில், இலையுதிர்ந்த ஆஸ்பன் மரங்களின் ஓரமாக, எல்க் என்னும் பெரிய மான் வகையில் ஆண் ஒன்று எங்களுக்குப் பக்கவாட்டைக் காட்டியபடி நின்றது. தொலைவு 220 கஜம். அப்போது 75 வயதாகியிருந்த என் அப்பா துப்பாக்கியைத் தோளில் பொருத்தி, அதன்மேல் உள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் வழியே அதைப் பார்த்தார். இரண்டு மணி நேரம் பனியில் மேடேறி வந்த மூச்சிரைப்பு அவருக்கு இன்னும் அடங்கியிருக்கவில்லை. துப்பாக்கி முனை மேலும் கீழும் அசைவதைப் பக்கத்திலிருந்த நானே கண்டேன். கண்ட பிறகும், "சுடுங்கப்பா, சுடுங்க" என்று அவர் காதருகே இரண்டு முறை சொன்னேன். அவர் சுடவில்லை. பாதுகாப்புப் பூட்டை மறுபடி போட்டுத் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டார். எல்க் அவசரமில்லாமல் மரங்களுக்குள் நடந்து மறைந்தது.

அன்று மாலை கூடாரத்தில், தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் தாமாகவே பேச்சை எடுத்தார். "கை ஆடுறது எனக்கே தெரியுதும்மா. அடிபட்டு ஓடுற உயிரைத் தேடிக்கிட்டுப் போக என் காலால முடியாது. அது தெரிஞ்சும் எப்படிச் சுடுறது?" என்றார். அதற்கு நான் சொல்ல எதுவும் இல்லை. அந்த வேட்டையின் ஒவ்வோர் ஏற்பாட்டையும் என் கால்களையும் என் நுரையீரலையும் அளவாக வைத்துச் செய்துவிட்டு, அந்த அளவுக்குள் அவரை இழுத்துக்கொண்டு போயிருந்தேன். அளவு அவருடையதாக இருந்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதை எப்படி மாற்றினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வயதான அப்பாவையோ அம்மாவையோ காட்டுக்கு அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு இதில் சில செய்திகளாவது உதவும் என்று நம்புகிறேன்.

அப்பா சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் 1947-இல் பிறந்தவர். சிறுவயதில் பெரியப்பாக்களுடன் முயலுக்கும் கௌதாரிக்கும் போனவர். உலோகவியல் படித்து, 1976-இல் கொலராடோவின் பியூப்லோ நகரத்து எஃகு ஆலைக்கு வேலைக்கு வந்தார். உடன் வேலை செய்தவர்கள் இலையுதிர் காலம் வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு மலையேறிவிடுவதைப் பார்த்து, மூன்றாம் ஆண்டில் தாமும் சேர்ந்துகொண்டார். 1949 சனவரி 1-க்கு முன் பிறந்தவர்களுக்கு இந்த மாநிலத்தில் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனாலும் நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் அந்த வகுப்பில் உட்கார்ந்து தேர்வு எழுதினார். நான் 14 வயதில் அதே வகுப்பை முடித்து அவருடன் போகத் தொடங்கினேன்.

எல்க் மானைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சொல். நம் ஊர் மலைகளிலுள்ள கடமானை, தென்கோடியில் மிளா என்று அழைக்கப்படும் அதே விலங்கை, மனத்தில் கொண்டால் ஓரளவு உருவம் கிடைக்கும். எல்க் அதைவிடவும் பெரியது. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். பெண் 220 கிலோவை ஒட்டி இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுப்பாடற்ற வேட்டையால் கொலராடோவில் இது அழியும் நிலைக்கு வந்து, பக்கத்து வயோமிங்கிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டுப் பெருக்க வேண்டியிருந்தது. இன்று அமெரிக்க மாநிலங்களில் எல்க் மிகுதியாக வாழ்வது கொலராடோவில்தான். எண்ணிக்கை மூன்று லட்சத்தை ஒட்டியிருக்கிறது. எந்தப் பகுதியில், எந்த வாரத்தில், எத்தனை ஆண், எத்தனை பெண் என்பதையெல்லாம் மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் கணக்கிட்டு உரிமம் வழங்குகிறது. அந்தத் துறையின் வனவிலங்கு மேலாண்மைச் செலவில் பெரும்பகுதி வேட்டை, மீன்பிடி வருவாயால் நடக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேச வேண்டிய பேச்சு ஒன்று இருந்தது. அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அப்பாவின் கையில் இன்னும் துப்பாக்கியைக் கொடுக்கலாமா என்பதே அந்தக் கேள்வி. எனக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரிடம் அதை எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். கடைசியில், 2023 மார்ச்சில் சுடுபயிற்சித் திடலுக்குப் போகும் வழியில் காரை நிறுத்தி நேரடியாகவே கேட்டேன். நான் அஞ்சியதுபோல் அவர் கோபப்படவில்லை. "நீயே பாரு, நீயே சொல்லு" என்றார். ஒரு விதியும் அவரே சொன்னார்: இருவரில் யார் ஒருமுறை பூட்டை மறந்தாலும், யார் ஒருமுறை முனையைத் தவறான பக்கம் திருப்பினாலும், அந்த ஆண்டு வேட்டை அத்துடன் முடிந்தது, பேச்சுக்கு இடமில்லை. விதி எனக்கும் சேர்த்துத்தான் என்றதால் அதில் அவமானத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அன்று தொடங்கி ஒவ்வொரு பயிற்சியிலும் நான் குறிப்பெடுத்தேன்: தோட்டாவை ஏற்றும் வரிசை, அறையைத் திறந்து காட்டும் பழக்கம், குளிரில் விரல் மரத்தபோது அவர் என்ன செய்கிறார் என்பது. ஒன்றும் பிசகவில்லை. பிசகியிருந்தால் பைனாகுலருடன் மட்டும் வருவதாக அவர் சொல்லியிருந்தார், சொன்னபடியே நடந்திருப்பார்.

அடுத்தது உடல். அவருடைய மருத்துவரிடம் "மலையேறலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். 7,500 அடி உயரம், உறைநிலைக்குக் கீழே 10 பாகை, மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருதல், அதற்கு முன்னும் பின்னும் 15 நிமிட நடை என்று எழுதிக்கொண்டு போனோம். அதனால் பயனுள்ள பதில்கள் கிடைத்தன. காலையில் எடுக்கும் நீர்ப்பெருக்கி மாத்திரையின் நேரத்தை அந்த நாட்களுக்கு மட்டும் மாற்றிக்கொடுத்தார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர் கூரான கத்தியைக் குளிரில் கையாள வேண்டாம் என்றார். அதனால் தோலுரிப்பதும் துண்டுபோடுவதும் என் வேலை என்று அப்போதே முடிவாயிற்று. நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு உழைப்பின் அளவைக் கைக்கடிகாரம் சரியாகக் காட்டாது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பதிலாக நாங்கள் வைத்துக்கொண்ட சோதனை எளியது. நடக்கும்போது ஏதாவது கேட்பேன். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் அவரால் சொல்லி முடிக்க முடியவில்லை என்றால் அந்த இடத்திலேயே நிற்போம். அந்தக் கோடையில் இப்படிக் கேட்டுக் கேட்டே எஃகு ஆலையின் பழைய கதைகள் பலவற்றைத் தெரிந்துகொண்டேன்.

2023-இல் நாங்கள் வேட்டைக்குப் போகவில்லை. 2022-23 குளிர்காலம் வடமேற்குக் கொலராடோவில் மிகக் கடுமையாக இருந்தது. தடித்த பனிக்கடியில் மேய்ச்சல் புதைந்து எல்க்கும் மானும் பெருமளவில் மடிந்தன. துறை அந்தப் பகுதிக்கான உரிமங்களைக் கணிசமாகக் குறைத்தது; குலுக்கலில் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுக்கான முன்னுரிமைப் புள்ளி ஒன்று சேர்ந்தது. 77 வயதை நெருங்குகிறவருக்கு ஓர் ஆண்டு போவது சிறிய செய்தியன்று. ஆனால் அந்த ஆண்டுதான் எங்களைத் தயார்ப்படுத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில் அவர் இரண்டு கண்களுக்கும் புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் ஸ்கோப்பின் கண்பக்க வளையத்தை அவருடைய புதிய பார்வைக்கேற்பத் திருப்பி அமைத்தோம். முன்பு மங்கலாகத் தெரிந்த குறுக்குக்கோடுகள் தெளிந்தபோது, 2022-இல் பழுது மூச்சில் மட்டும் இல்லை என்று புரிந்தது.

உரிமத்தில் நாங்கள் செய்த மாற்றம் ஒன்றுதான். அது எல்லாவற்றையும் இலகுவாக்கியது. ஆண் எல்க்கை விட்டுவிட்டுப் பெண் எல்க்குக்கு விண்ணப்பித்தோம். நம் மொழியில் கலை, பிணை என்று அழகாகப் பிரித்துச் சொல்வதை இங்கே எருது, பசு என்கிறார்கள். ஆண் எல்க் என்றால் இங்கே பெரும்பாலான பகுதிகளில், ஒரு கொம்பில் நான்கு கிளைகளாவது இருக்கிறதா, இல்லாவிட்டால் நெற்றிக்கிளை 5 அங்குலமாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகே சுட வேண்டும். அரையிருளில், அவசரத்தில், முதிய கண்களுக்கு அது பெரிய சுமை. மேலும், இணைகூடும் காலம் முடிந்த நவம்பரில் ஆண்கள் களைத்துப்போய்த் தனித்தனியாக அடர்ந்த, செங்குத்தான இடங்களில் ஒதுங்கிவிடும். பெண்கள் கூட்டமாக இருக்கும். பனி விழ விழ கீழே இறங்கும். இரவில் மேய்ந்த இடத்துக்கும் பகலில் படுக்கும் இடத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒரே தடத்தில் போய்வரும். நாம் அவற்றைத் தேடி ஏற வேண்டியதில்லை. சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். கொம்பில்லாத வேட்டை குறைந்த வேட்டை என்ற எண்ணம் சிலரிடம் இருக்கிறது. இறைச்சிக்காகவே எப்போதும் வேட்டைக்குப் போன அப்பாவிடம் அது என்றும் இருந்ததில்லை. 2024-க்கான விண்ணப்பத்தை ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமைக் கெடுவுக்குள் போட்டோம். துப்பாக்கி வேட்டைக்கு ஒதுக்கிய பருவங்களில் மூன்றாவதற்கு, நவம்பரில், பெண் எல்க் உரிமம் கிடைத்தது. நடமாட்டக் குறைபாடு உள்ளவர்கள் மருத்துவச் சான்றுடன் விண்ணப்பித்து, நிறுத்திய வாகனத்திலிருந்தே சுடச் சிறப்பு அனுமதி பெறும் வழியும் இந்த மாநிலத்தில் உண்டு. அப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் கேட்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிக உழைப்பு தேவைப்பட்டது. அந்த உழைப்பு முழுவதும் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டேன். 2023 அக்டோபரிலும் நவம்பரிலும் உரிமம் இல்லாமலே நான்கு முறை அங்கே போனேன். 2024 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மறுபடி போனேன். மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான பொது நிலமாக இருக்க வேண்டும், குளிர்காலத்திலும் வண்டி போகும் சரளைச் சாலை பக்கத்தில் இருக்க வேண்டும், உயரம் 8,000 அடிக்குள் இருக்க வேண்டும், சாலையிலிருந்து அப்பாவின் நடைக்கு எட்ட வேண்டும் என்ற நான்கையும் வைத்துக்கொண்டு வரைபடத்தைச் சலித்தேன். மற்றவர்கள் எல்லாரும் சாலையைவிட்டு எவ்வளவு தொலைவு போகலாம் என்று பார்க்கும்போது நான் மட்டும் எவ்வளவு அருகில் உட்காரலாம் என்று பார்த்தேன். அப்படிப் பார்க்கும்போது, எல்லாரும் கடந்துபோகும் இடங்கள் கண்ணில் பட்டன.

கடைசியில் கிடைத்தது ஒரு தாழ்வான கணவாய். ஒரு பக்கம் கருவாலிப் புதர்களும் ஜூனிப்பர் மரங்களும் அடர்ந்த சரிவு. மறுபக்கம், கீழே, தனியார் புல்வெளிகளை நோக்கி இறங்கும் சேஜ் புதர்க்காடு. இரவெல்லாம் கீழே மேய்ந்த கூட்டம் விடியலில் இந்தக் கணவாய் வழியாகச் சரிவுக்கு ஏறிப் படுக்கிறது என்பதை, மூன்று வெவ்வேறு பனிப்பொழிவுகளுக்குப் பிறகு தடங்களைப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். சாலையிலிருந்து நேர்கோட்டில் ஏறினால் 200 காலடி குறையும். ஆனால் அது செங்குத்து. சரிவைச் சுற்றி வளைந்துபோகும் பழைய மாட்டுத்தடம் ஒன்று இருந்தது. அதில் என் நடைக்கு 450 காலடி. அப்பாவின் நடைக்கு 600. அக்டோபரில் அவரை அழைத்துவந்து, பட்டப்பகலில், ஊன்றுகோல் இரண்டுடன், நிதானமாக நடக்கவைத்தபோது அவரே எண்ணிச் சொன்ன கணக்கு அது. 200-வது காலடியிலும் 400-வது காலடியிலும் உட்காரத் தோதான பாறைகள் இருந்தன. தடத்தில் உருளக்கூடிய கற்களை ஒதுக்கிவைத்தேன். இருட்டில் நெற்றிவிளக்குடன் ஒருமுறை நடந்தும் பார்த்துவிட்டோம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்க் நம்மைக் கண்டு ஓடுவதைவிட மோப்பம் பிடித்து ஓடுவதே அதிகம். மலையில் இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழ்நோக்கி வழியும். வெயில் பட்டு நிலம் சூடானதும் திசை மாறி மேல்நோக்கி ஏறும். நாங்கள் உட்காரும் இடத்தில் காலை எட்டே முக்கால் வரை காற்று எங்கள் முதுகுக்குப் பின்னே, சாலையை நோக்கி வழிந்தது. அதன் பிறகு புரண்டு கணவாயை நோக்கியே போனது. ஆகவே ஒன்பது மணிக்கு மேல் அங்கே உட்கார்ந்திருப்பது வீண் மட்டுமன்று, மறுநாளையும் கெடுத்துவிடும். இது அப்பாவுக்கு வரமாக அமைந்தது. முழுநாளும் குளிரில் இருக்க வேண்டியதில்லை. விடியலிலிருந்து இரண்டரை மணி நேரம் போதும். குடுவையில் சுக்கு மல்லிக் காபி கொண்டுபோகலாமா, மணம் காட்டிக்கொடுக்காதா என்று அம்மா கேட்டார். காற்று சரியாக இருந்தால் சுக்கு மணம் பொருட்டன்று. காற்று தவறினால் எத்தனை முறை குளித்துவிட்டுப் போனாலும் பயனில்லை.

அப்பாவின் பழைய முப்பது-பூச்சியம்-ஆறு துப்பாக்கியை அவர் 1978-இல் வாங்கினார். அதை மாற்றலாம் என்றதும் அவர் முகம் சுருங்கியது. ஆனால் பத்துக் குண்டுகளுக்குப் பிறகு தோள் கன்றிப்போய், பதினொன்றாவதில் அவர் தம்மை அறியாமல் கண்ணை மூடிக்கொள்வதைக் காணொளியாக எடுத்துக் காட்டியபோது அவரே சம்மதித்தார். உதை மிகவும் குறைவான ஆறரை மில்லிமீட்டர் கிரீட்மோர் துப்பாக்கிக்கு மாறினோம். எல்க்குக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் குண்டு விட்டத்தைவிட அதன் குண்டு பெரியதுதான். பயிற்சித் திடலின் மேசையில் நாங்கள் அதிகம் சுடவில்லை. காட்டில் எதில் உட்காருவாரோ அதே முதுகுசாய்வுள்ள தாழ்வான மடக்கு நாற்காலியில், அதே முக்காலித் தாங்கியில் துப்பாக்கியை வைத்து, அதே கனத்த சட்டையும் கையுறையும் அணிந்து சுட்டுப் பழகினார். 150 கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் பத்தில் பத்தும் விழுந்தன. 200-இல் பத்தில் ஏழு. எனவே எல்லை 150 என்று அவரே வகுத்தார். கணவாயின் நடுப்பகுதி நாற்காலியிலிருந்து 110 கஜம். 150-க்கு ஒரு தனித்த ஜூனிப்பர் மரம் அடையாளமாக நின்றது. அந்த மரத்துக்கு அப்பால் நிற்பது எங்கள் கணக்கில் இல்லாத மான்.

பருவம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே போய்விட்டோம். 2022-இல் 4,700 அடியிலுள்ள பியூப்லோவிலிருந்து ஒரே நாளில் 9,000 அடிக்குக் கொண்டுபோய்க் கூடாரத்தில் படுக்கவைத்தேன். அவர் அன்றிரவு கண்ணயரவே இல்லை. இம்முறை 6,200 அடியிலுள்ள மீக்கரில், வெந்நீரும் பக்கத்திலேயே கழிப்பறையும் உள்ள சிறு வீடொன்றை வாடகைக்கு எடுத்தோம். வயதானவருக்கு இரவில் மூன்று முறை எழ வேண்டியிருக்கிறது என்பதை யாரும் வேட்டைக் குறிப்புகளில் எழுதுவதில்லை. ஆனால் மறுநாள் கை நடுங்குமா நடுங்காதா என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. என் கணவரும் அவருடைய நண்பர்கள் இருவரும் இறைச்சி சுமப்பதற்காக என்றே வந்து ஊரில் தங்கினார்கள். கைப்பேசி எடுக்காத இடம் என்பதால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி என்னிடம் இருந்தது.

முதல் நாள் காற்று தாறுமாறாக அடித்ததால் எட்டு மணிக்கே திரும்பிவிட்டோம். இரண்டாம் நாள் முப்பதுக்கு மேற்பட்ட எல்க் கூட்டம் ஒன்று ஜூனிப்பர் மரத்துக்கு வெகு அப்பால், 300 கஜத்துக்கும் மேலான தொலைவில், வரிசையாக ஏறிப்போனது. அப்பா துப்பாக்கியைத் தொடவில்லை, பைனாகுலரில் எண்ணிக்கொண்டிருந்தார். இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை. அது எளிதாக இருக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் இருமினார். ஏழு நாள் பருவத்தில் ஒரு நாளை இழக்க மனமில்லாவிட்டாலும் வீட்டிலேயே இருந்தோம். பகலெல்லாம் தூங்கினார். அன்றிரவு அரையடி பனி விழுந்தது.

நான்காம் நாள் விடியற்காலை ஐந்தே காலுக்குச் சாலையோரம் வண்டியை நிறுத்தினோம். புதுப்பனி காலடி ஓசையை விழுங்கியது. 600 காலடிக்கு, இரண்டு ஓய்வுகளுடன், 25 நிமிடம் ஆயிற்று. வேர்க்காமல் இருக்க மேல்சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு நடந்து, உட்கார்ந்த பிறகே போடவைத்தேன். வேர்வை உடம்போடு உட்கார்ந்தால் அரைமணியில் நடுக்கம் தொடங்கிவிடும். அதன்மேல், சட்டம் கேட்கும் 500 சதுர அங்குல ஒளிரும் ஆரஞ்சு மேலங்கியும் தொப்பியும். நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் கம்பளி போர்த்தி, கையுறைக்குள் சூட்டுப்பொட்டலம் வைத்தேன். சூரியன் உதிக்க அரைமணி முன்பிருந்துதான் சுட அனுமதி; அந்த நேரம் வந்த பிறகே அவர் தோட்டாவை அறைக்குள் தள்ளினார்.

ஏழு மணி கடந்து சில நிமிடங்களில், கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன், கீழிருந்து மெல்லிய மியாவ் போன்ற ஒலி கேட்டது. பெண் எல்க்குகள் கன்றுகளோடும் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளும் ஒலி அது. அப்பாவின் செவிக்கருவிக்கு அது எட்டவில்லை. முன்பே பேசிவைத்தபடி அவர் முழங்காலை இருமுறை தட்டினேன். அவர் துப்பாக்கியைத் தாங்கியில் ஏற்றினார். பனியைக் கிழித்துக்கொண்டு முதலில் ஒரு கிழப்பெண் எல்க் வந்தது. அதன் பின்னால் ஆறோ ஏழோ, இரண்டு கன்றுகளோடு. முன்னால் வந்தது கணவாயின் நடுவில் நின்று காதுகளைத் திருப்பியது. பக்கவாட்டு, 110 கஜம். ஆனால் அதன் பின்னால் இன்னொன்று ஒட்டி நின்றது. குண்டு ஒன்றைத் துளைத்து மற்றதையும் காயப்படுத்தும். அப்பா காத்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவருடைய மூச்சு ஆவி சீராக, மெதுவாக எழுந்து பின்பக்கமாக வழிந்துகொண்டிருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னது நகர்ந்து போய்விட்டது. இரண்டாவதும் போயிற்று. நான்காவதாக வந்த, கன்று இல்லாத பெண் ஒன்று தனியாகப் பிரிந்து இரண்டு அடி எடுத்து வைத்து நின்றபோதுதான் வெடி கேட்டது.

அது 50 கஜம் ஓடிச் சேஜ் புதர்களுக்குள் விழுந்தது. அப்பா அடுத்த தோட்டாவை ஏற்றி ஸ்கோப்பிலேயே இருந்தார். அரைமணி நேரம் அசையாமல் இருந்த பிறகு துப்பாக்கியைக் காலிசெய்து என்னிடம் கொடுத்தார். நானே போய்ப் பார்த்துவருகிறேன் என்றேன், அவர் கேட்கவில்லை. பனியில் ஊன்றுகோல்களைக் குத்திக் குத்தி, அந்தச் சிறு தொலைவை 20 நிமிடத்தில் நடந்தார். குண்டு முன்காலுக்குச் சற்றுப் பின்னே, நுரையீரல்கள் இரண்டையும் துளைத்துப் போயிருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு, குனிய முடியாததால் பனியிலேயே மெதுவாக உட்கார்ந்து, அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நான் உரிமச் சீட்டைக் கிழித்து நாளும் கையெழுத்தும் இடக் கொடுத்தேன். பேனாவை வாங்கியபோது அவர் கை நடுங்கியது.

பிறகு நடந்ததெல்லாம் வேலை. வயிற்றைத் திறக்காமல், நான்கு கால்களையும் முதுகுத்தசைகளையும் உள்தசைகளையும் தனித்தனியே எடுக்கும் முறையை நான் கையாண்டேன். பெண் விலங்கு என்பதற்கான சான்று ஒரு துண்டில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம், அதை விட்டுவைத்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தபடி, கத்தியைப் பிடிக்கும் கோணத்தை நான் தவறவிட்ட போதெல்லாம் திருத்தினார். செய்தி போய், மூவரும் பிளாஸ்டிக் சறுக்குப் பலகைகளோடு வந்து சேர்ந்தபோது பத்தரை மணி. ஒரு பின்னங்கால் மட்டுமே 25 கிலோ இருக்கும். சாலைவரை முழுவதும் இறக்கமாக இருந்ததால் நண்பகலுக்குள் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. இந்த மூவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாதிருந்தால், தாமும் ஒரு சுமையைத் தூக்க அப்பா முனைந்திருப்பார். அவரை நான் அறிவேன்.

எலும்பு நீக்கிய இறைச்சி ஏறக்குறைய 70 கிலோ வந்தது. தலையை அன்று மாலையே மீக்கரிலுள்ள துறை அலுவலகத்தில் கொடுத்து, மான்களின் மூளையைத் தாக்கும் நலிவு நோய்க்கான சோதனைக்கு நிணநீர்க் கணுக்களை எடுக்கச் சொன்னோம். கொலராடோவில் இந்த நோய் பல கூட்டங்களில் இருக்கிறது. மனிதருக்குப் பரவியதாக உறுதியாகவில்லை என்றாலும், நோயுற்ற விலங்கின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையினரின் அறிவுரை. முடிவு வரும்வரை பொட்டலங்களில் அடையாள எண் ஒட்டி உறைபெட்டியில் வைத்தோம். அப்பா நாள்தோறும் காலையில் என்னை அழைத்து முடிவு வந்துவிட்டதா என்று கேட்டார். இரண்டு வாரம் கழித்து, நோய் காணப்படவில்லை என்று வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பியூப்லோவில் அம்மா முன்னங்கால் இறைச்சியை எடுத்தார். எல்க்கில் கொழுப்பு மிகக் குறைவு. நேரடியாக வதக்கினால் நாராகிவிடும், பல்செட் வைத்திருக்கும் அப்பாவால் மெல்ல முடியாது. எனவே இஞ்சி பூண்டு விழுதும் மஞ்சளும் சேர்த்துக் குக்கரில் ஏழு விசில் விட்டு, வெந்த நீரைத் தனியே வடித்து வைத்துக்கொண்டு, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, இடித்த மிளகோடு அந்த நீரையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சுண்டவைத்தார். மீதியில் ஐந்து கிலோவை நீளநீளமாக அரிந்து உப்பும் மஞ்சளும் தடவிக் கொல்லைத் தாழ்வாரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். பியூப்லோவின் காய்ந்த காற்றில் உப்புக்கண்டம் நான்கே நாளில் தயாராகிவிடும். அந்த நான்கு நாளும் அப்பா தாழ்வாரத்திலேயே, வேட்டைக்குக் கொண்டுபோன அதே மடக்கு நாற்காலியில், காகம் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.